இதை நீங்கள் வாங்கவில்லை

என் பெயர், வயது, முகவரி ஆகியவை நான் போன மாதம் கொடுத்த புகாரில் உள்ளபடியே, மாற்றமில்லை. தொழில் என்ற இடத்தில் அன்று 'மொபைல் செயலி தயாரித்து விற்பவர்' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். என் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இந்த இரண்டாவது வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

என் மனைவி கார் ஓட்டக் கற்றுத்தருபவர். தொண்டைக் கட்டிக்காகக் குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்ன பிறகு, அவர் வழக்கமாகப் பேசுவதையெல்லாம் முன்கூட்டியே பதிவுசெய்து, பொத்தானைத் தொட்டால் அவர் குரலிலேயே ஒலிக்கும்படி ஒரு செயலி செய்தேன். 'சாப்பிட்டியா', 'கண்ணாடியப் பாரு', 'உனக்கு ஒண்ணும் தெரியாது' ஆகியவை அதில் உள்ளன. மூன்றாவது எனக்காகப் பதிவானது. அறுவை முடிந்த பிறகு அவர் போனை ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டிக்கொண்டு அதே வேலையைத் தொடர்ந்தார். அவர் கத்திப் பதிந்த 'பிரேக்!' சத்தத்துக்கு மாணவர்கள் முன்பு போலவே பயந்தார்கள்.

அதன் பிறகு, குரல் போன மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று, செயலிகள் விற்கும் ஸ்டோரில் அதற்கு விலை போட்டு வைத்தேன். இலவசம் என்றால் குப்பையைக்கூட இறக்கிக்கொள்கிறவர்கள் விலையைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள். விலையைப் பாதியாக்கினேன். ஒரு டீ விலைதானே என்று நான் எழுதியதற்கு, "டீ குடிச்சா தெம்பு வரும், இதுல என்ன வரும்?" என்று ஒருவர் பதில் போட்டார். இந்த நிலையில், பஸ் நிலையம் அருகே போன் பழுதுபார்க்கும் கடைக்காரர் கட்டணச் செயலிகளைச் சில்லறைக்குப் போட்டுக் கொடுக்கிறார் என்று தெரிந்து வயிறு எரிந்தது. எனவே செயலிக்குள், என் மனைவி போனில் இருப்பதற்கும் சேர்த்து, ஒரு பூட்டு வைத்தேன். அது அவ்வப்போது ஸ்டோரைக் கேட்கும். வாங்கியவர்தான் என்று ஸ்டோர் சொன்னால் திறந்திருக்கும், இல்லையென்றால் மூடிக்கொண்டு 'இதை நீங்கள் வாங்கவில்லை' என்று காட்டும். அந்த வாசகத்தை எழுதியவன் நான்.

கடைக்காரர் அதையும் ஏமாற்றினார். செயலியைத் தொடாமலே, போனைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, ஸ்டோர் சொல்ல வேண்டிய பதிலைப் போனே சொல்லிக்கொள்ளும்படி செய்துவிடுவார். அதற்காகத்தான் புகார் கொடுத்தேன். அவர் கைதானார், கம்ப்யூட்டர் முத்திரையிடப்பட்டது. அன்று நான் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு, நானும் மனைவியும் மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, வீட்டில் 'வேகம்' என்று அழைக்கப்படும் அவர் தம்பி, விற்பனை மந்தம் என்று கேள்விப்பட்டு, உறவினர் எல்லாரையும் எங்கள் ஹாலில் உட்காரவைத்து, எங்கள் வைஃபையிலேயே ஆளுக்கு ஐந்து நட்சத்திரம் போடவைத்தார். 'பையன் தங்கமான குணம், குடிப்பழக்கம் கிடையாது' என்று என் சித்தப்பா விமர்சனம் எழுதினார். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

போலி விமர்சனம் என்று ஸ்டோர் என் கணக்கை மூடியது. முறையிட்டேன். விரலை எடுப்பதற்குள் நிராகரிப்பு வந்தது. பேச எண் கிடையாது, தட்டக் கதவு கிடையாது. மறுபடி முறையிட்டேன். அதே பதில், ஒரு புள்ளிகூட மாறாமல் வந்தது.

அதன் பிறகு, என் மனைவி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது எதிரே லாரி திரும்பியது. அவர் பிரேக் பொத்தானைத் தொட்டார். என் கணக்கு மூடிக் கிடந்ததால் ஸ்டோர் இல்லையென்று சொல்லிவிட, 'இதை நீங்கள் வாங்கவில்லை' என்று திரையில் வந்தது. தன் பக்கத்துப் பிரேக்கை அவர் மிதித்ததால் கார் சுவரில் உரசியதோடு போயிற்று. அன்று முதல் அவர் வேலைக்குப் போகவில்லை. வாங்கிய மற்றவர்களுக்கும் இதே கதி. "தம்பி, நான் காசு குடுத்தவன்" என்று ஒரு பெரியவர் எழுதி அனுப்பியிருக்கிறார்.

பூட்டை நானே எடுக்கலாமே என்று ஆய்வாளர் கேட்டார். முடியாது. நான் புதிதாகச் செய்து கொடுத்தாலும் ஸ்டோரின் ஒப்புதல் இல்லாமல் போன் அதை வேறு செயலி என்றே நினைக்கும். பழையதை அழித்துவிட்டுத்தான் போட வேண்டும், அழித்தால் அவர் குரலும் போய்விடும். திருடர்களுக்குப் பயந்து பிரதி எடுக்கும் வழியையும் நானே அடைத்திருந்தேன். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

இன்று ஜாமீன் கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்கு வந்த கடைக்காரரைப் பார்த்தேன். கேட்கக் கூசியது, ஆனாலும் கேட்டேன். "அஞ்சு நிமிஷ வேலை சார். ஆனா என் மெஷின் உங்க கேஸ்லதானே மாட்டிக்கிட்டு கெடக்கு" என்றார். புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்றதற்கு எழுத்தர், "முத்திரை வெச்சாச்சுன்னா கோர்ட்டுதான் தொறக்கணும்" என்றார்.

ஆகவே, நீதிமன்றத்தில் அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து, எந்தச் செயலுக்காக அவரைப் பிடித்துக் கொடுத்தேனோ அதே செயலை என் மனைவியின் போனில் அவர் செய்ய அனுமதிக்கும்படி வேண்டுகிறேன். அது குற்றமென்றால் முதல் எதிரியாக என்னைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மேலே எழுதப்பட்டவை எனக்கும், உள்ளே அழைக்கப்பட்ட என் மனைவிக்கும் படித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே உள்ளன. இவை உண்மைதானா என்று ஆய்வாளர் என் மனைவியைக் கேட்டார். 'ஆமா' என்று அவர் பதிந்து வைத்த சொல் உள்ளே பூட்டிக் கிடப்பதால் தலையை மட்டும் அசைத்தார்.

கையொப்பம்.