நாண் போகும் தடம்

தூத்துக்குடியிலிருந்து நாசரேத் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"வில்லுல ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. என் மகன் விரல்தான் இருக்கக்கூடாத இடத்துல இருந்துட்டு."

"வில்லா?"

"குறுக்கு வில்லு. துப்பாக்கி மாதிரி கட்டையில வில்லைப் படுக்க வச்சிருக்கும். நாணை இழுத்து மாட்டிட்டு விசையை அமுக்கினா அம்பு பாயும். தோட்டத்துல வைக்கோல் கட்டைக் குறிவச்சு அடிப்பான். ஆள் நடமாட்டம் இருந்தா வில்லைத் தொடவே மாட்டான்."

"பொறவு எப்படி?"

"நாண் ஓடுத தடத்துக்குக் கீழதான் கட்டைவிரல் இருக்கணும். அன்னைக்குக் கூட்டாளிகிட்ட பேசிக்கிட்டே பிடிச்சதுல, மேல ஏறிட்டு. இடது கை. நாண் விரலைத் துண்டா வெட்டிட்டு."

"வேதக்கோயில்ல ஆர்கன் வாசிக்கவன்லா?"

"ஆமா. இப்போ வேற ஒருத்தி வாசிக்கா. இவன் பெஞ்சுல என் பக்கத்துல இருக்கான். பாட்டு தொடங்கினதும் மடியில விரலை ஓட்டுதான். நான் பாக்கேன்னு தெரிஞ்சா நிறுத்திருதான்."

நண்பர் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"போன ஞாயித்துக்கிழமை நான் கண்ணை மூடிக்கிட்டேன் அண்ணாச்சி. அவன் முழங்கை என்மேல பட்டுக்கிட்டே இருந்துச்சு; பாட்டு முடியுத வரைக்கும் வாசிச்சான்."