ஆரஞ்சு வாசனை

எனக்கு ஆரஞ்சுப் பழ வாசனையே பிடிக்காது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

கள்ளக்குறிச்சி லேபில் என் வேலை, நோயாளியிடமிருந்து வெட்டி எடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டுவது. மெழுகு ஏற வேண்டுமென்றால் துண்டு சைலீன் என்ற நெடியடிக்கும் ரசாயனத்தில் ஊற வேண்டும். இருபது வருடம் அந்த நெடியில் நின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

சைலீன் ஜாடிகளை மாற்றவும் கழுவவும் ரிஷிவந்தியத்திலிருந்து சாலம்மாள் வந்தாள். கரும்பு வெட்டிய கை. வெயிலில் சுற்றாத தலை எங்கள் அறையில் சுற்றியதாம். "கண்ணு எரியுது சார், வாந்தி வர மாதிரி கீது" என்பாள். புதிதாக வந்த டாக்டர் ஆண்டாள் உருகிப்போனார். ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுத்த திரவம் ஒன்றை வரவழைத்தார். ஆபத்து கம்மியாம்.

"ராஜாங்கம், சைலீனுக்குப் பதிலா இது சரிப்படுமான்னு நீங்களே பாருங்க" என்றார்.

பார்த்தேன். அந்தத் திரவம் வந்த கேனைக் காலி செய்து சைலீனை நிரப்பினேன். வாசனைக்காக அந்தத் திரவத்தையும் கொஞ்சம் கலந்தேன். இது சோதனைதான், வேறு பேர் வைக்காதீர்கள். நல்ல மருந்தென்று நம்பியும் தலை சுற்றினால், அவள் நடிப்பது தெரிந்துவிடும் அல்லவா?

சுற்றியது.

"பார்த்தீங்களா டாக்டர், பழ வாசனைக்கே மயங்குறா" என்றேன். டாக்டர் சாலம்மாளைப் பார்த்த பார்வையே மாறிப்போனது. இருபது வருடம் உழைத்த என் பேச்சு அன்றுதான் அந்த டாக்டரம்மா காதில் ஏறியது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, மறைக்கவில்லை.

வேலை போய்விடும் என்று சாலம்மாளுக்குப் பயம். மறுநாள் நான் கேட்டபோது, "ஒண்ணும் இல்ல சார், பழகிக்கினு வரேன்" என்றாள். முகம் வெளுத்திருந்தது. இதையும் நன்றாகத்தான் நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவளிடம் எல்லா ஜாடிகளையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொன்னேன். நெடியை வெளியே தள்ளும் விசிறியை நிறுத்தினேன். ஆபத்தில்லாத மருந்துக்கு விசிறி எதற்கு? தூசி விழக் கூடாது என்று சொல்லி வெளியிலிருந்து கதவையும் சாத்தினேன்.

ஜாடி உடைகிற சத்தம் கேட்டது. நடிப்பு முற்றிவிட்டது என்று நினைத்து டீயைக் குடித்து முடித்தேன். டாக்டர் கதவைத் திறந்தபோது சாலம்மாளுக்கு மூச்சு இல்லை.

சைலீன் கொன்றது என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள். என்னைக் கொல்லவில்லையே என்றுதான் கேட்கிறேன். அந்த அறைக்குள் நானும்தான் இருபது வருடம் நின்றேன். விசிறி ஓடாத நாளில் மட்டும் உள்ளே போகமாட்டேன்.