மூன்று குழுவுக்கும் ஒரே தூதன்

ஒரத்தநாட்டில் கரண்ட் போனால் எல்லோரும் ஃபேனைப் பார்ப்பார்கள். நான் சர்வரைப் பார்ப்பேன்.

அதில் ஓடுவது, பத்து வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனி இழுத்து மூடிய ஆன்லைன் விளையாட்டு. அந்த விளையாட்டின் சர்வரைச் சம்பளமில்லாமல் நாங்களே திரும்ப எழுதிக்கொண்டிருந்தோம். கும்பகோணம் மாளவிகாவின் குழுவிடம் வரைபடங்கள். திருப்பனந்தாள் கோவிந்தராசுவின் குழுவிடம் சண்டைக் காட்சிகளுக்கான நிரல். பழைய சர்வர் அனுப்பிய தகவல்களின் பதிவு, வளைகுடாவில் வேலை பார்க்கும் நாகூர் சித்தீக்கின் குழுவிடம் மட்டும். ஒருமுறை முட்டிக்கொண்ட பிறகு மூவரும் நேரடியாகப் பேசுவதில்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

இப்படிப்பட்ட முயற்சிகள் ஏன் உருப்படுவதில்லை என்று கேட்பார்கள். மாளவிகா, "அவரு எழுதுனதைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிட்டா சேத்துக்கலாம்" என்பார். நான் கோவிந்தராசுவிடம், "நீங்க எழுதுனது குப்பையாம்" என்பேன். ஆறு மாதம் ஓடிவிடும். நான் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரை மூடியபின் எனக்கு வந்த போன்கள் இவர்களுடையவை மட்டுமே.

போன ஆடியில் சித்தீக் அழைத்தார். "ரகுண்ணே, பதிவு எல்லாத்தையும் எல்லாருக்கும் குடுத்துடுறேன். ஒண்ணா உக்காந்தா பொங்கலுக்குள்ள முடிச்சிடலாம்ங்க."

முடிந்துவிட்டால் என்னை யார் தேடுவார்கள்?

எப்போதோ ஒரு கோப்பை எடுப்பதற்காகச் சித்தீக் தன் ஆபீஸ் கணினியின் பாஸ்வேர்டை நம்பிக் கொடுத்திருந்தார். அதில் எங்கள் சர்வரை அவருக்குத் தெரியாமல் நானே நிறுவினேன். பிறகு அதைக் காட்டிக்கொடுத்து அவர் கம்பெனிக்குப் பெயரில்லாமல் ஒரு மின்னஞ்சல். வேலைதான் போகும், ஊருக்கு வந்துவிடுவார் என்று நினைத்தேன். கம்பெனி அங்கே போலீசுக்குப் போய்விட்டது; சிறையில் போட்டுவிட்டார்கள். நான்கு மாதமாகிறது.

மாளவிகா கோவிந்தராசுவைச் சந்தேகிக்கிறார், அவர் இவரை. இருவரும் என்னிடம்தான் புலம்புகிறார்கள்.

சித்தீக்கின் மனைவி ஜஸீலா தினமும் அழைக்கிறார். "அண்ணே, அந்த சர்வரை வச்சது வேற ஆளுன்னு அந்த ஆளே எழுதிக் குடுத்தா விட்டுடுவாங்களாம், வக்கீல் சொல்றாங்க. புள்ள வாப்பா எங்கேன்னு கேக்குது. பயமா இருக்குண்ணே."

"எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு" என்றேன். அது பொய்யில்லை.

வக்கீல் கேட்ட கடிதம்தான் இது. கையெழுத்தும் போட்டாயிற்று. அனுப்பத்தான் போகிறேன். ஆனால் சித்தீக் வந்துவிட்டால் ஜஸீலா எதற்கு என்னைக் கூப்பிடப் போகிறார்? அந்தப் பெண் பாவம். தைரியம் சொல்ல என்னை விட்டால் அதற்கு யார் இருக்கிறார்கள்?