சிவப்பை மஞ்சளாக்கியவன்

மதியச் சாப்பாட்டு வேளையில் தொலைபேசி அடித்தால் எனக்குப் பிடிக்காது. யாருக்குத்தான் பிடிக்கும்?

அந்த ஆஸ்பத்திரியின் மருந்துப் பதிவுத் திரையை ஜாவாவில் எழுதியவன் நான். நர்ஸ் மருந்தின் அளவை அடித்துச் சேமித்தால், குழந்தையின் எடையோடு என் நிரல் ஒப்பிட்டுப் பார்க்கும். மிஞ்சினால் ஒரு செய்தி வரும். அதன் தரம் 'பிழை' என்றால் சிவப்பு. திருத்தாமல் நகர முடியாது. 'எச்சரிக்கை' என்றால் மஞ்சள். மூடிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ் தினமும் நான் டப்பாவைத் திறக்கும்போது அழைப்பார்.

"தம்பி, டாக்டர் எழுதின அளவைத்தான் போடுறேன். செவப்புல நிக்குது. இங்க பிள்ளை கத்துது. நான் என்னதான் பண்றது?"

அவர் சொன்னதும் நியாயம்தான். வரம்புகளை நான் இறுக்கமாக வைத்துவிட்டிருந்தேன். ஒவ்வொரு மருந்தாக அவற்றைச் சரிசெய்ய இரண்டு வாரம் பிடிக்கும். தரத்தை மாற்ற ஒரு சொல் போதும். 'பிழை'யை 'எச்சரிக்கை' ஆக்கினேன். தொலைபேசி ஓய்ந்தது.

அதன்பின் நாளுக்கு நூறு மஞ்சள் செய்திகள் வந்தன. அரை விநாடியில் மூடினார்கள். யாரும் படிப்பதில்லை என்று பதிவுகளில் தெரிந்தது. பார்த்தேன், பேசாமல் இருந்துவிட்டேன்.

ஏழாவது மாதம் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி ஒன்றரை மில்லிக்குப் பதிலாகப் பதினைந்து என்று அடித்தாள். புள்ளி விழவில்லை. வந்த மஞ்சள் செய்தியை எல்லோரையும் போல மூடிவிட்டாள். நான்கு வயதுப் பெண் குழந்தை. மறுநாள் காலை இறந்துபோனது.

விசாரணையில் அவள் எழுந்து நின்றாள். "தப்பான அளவுன்னா செவப்பு வந்து நிறுத்திடும்னு கையேட்டுல இருந்துச்சு சார். நிறுத்தலைன்னதும் சரியா இருக்கும்னு நெனச்சேன்."

கையேட்டை எழுதியவனும் நான்தான். சிவப்பைப் பற்றிய வரியை விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் நீக்கியிருந்தேன். அந்த இடத்தில், 'மஞ்சள் செய்தியைப் படித்து முடிவெடுப்பது நர்ஸின் பொறுப்பு' என்று சேர்த்திருந்தேன். விசாரணை நடத்திய பெரிய டாக்டர் அதை உரக்கப் படித்துக் காட்டினார். தலைமை நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு இருவரும் தண்ணீர் குடித்தோம்.

அந்த நர்ஸ் கையேட்டை வாங்கி அந்த வரியைத் தானும் ஒருமுறை படித்தாள். "நான்தான் சரியாப் படிக்கலை போல சார்" என்றாள்.

அவளுக்கு வேலை போயிற்று. உரிமமும் போயிற்று. கையேடு திருத்தப்பட்ட தேதியை, இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் தேடி எடுத்துவந்துவிட்டீர்கள். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தரத்தை மாற்றியது நான். கையேட்டைத் திருத்தியது நான். அந்த நர்ஸைப் பலி கொடுத்ததும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

குழந்தையின் சாவை மட்டும் என் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த விஷயத்தில் நான் எச்சரிக்கை கொடுத்திருந்தேன்.