அந்த வண்டி எந்தப் பக்கம் போகும்?

இல்லக்கா, மயக்கமெல்லாம் இல்ல. லேசா கண்ணு இருட்டிச்சு, உக்காந்ததும் சரியாப் போச்சு. நெஜமா. அந்த நம்பர் அட்டையை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க. நீங்க பனியன்லருந்து ஊக்கைக் கழட்டும்போதே சொல்லணும்னு நெனச்சேன், வாய் வரல. எனக்கு எப்பவும் அப்படித்தான். சொல்ல வேண்டியது ஆளு போனப்புறம்தான் வரும்.

தண்ணியா? குடிச்சேனே... சரி, குடிக்கல. நர்சக்காகிட்ட எதுக்குப் பொய்? வழியெல்லாம் பந்தல் போட்டு குடுக்கத்தான் செஞ்சாங்க, பழம், பிஸ்கட்டு எல்லாம். எல்லாம் ஆம்பளைங்களா நின்னுக்கிட்டு, வாங்க வாங்க எடுத்துக்கங்கன்னு கத்துறாங்க. எனக்குத் தெரியாதவங்க முன்னாடி வாயைத் தொறந்து சாப்பிட வராதுக்கா. சிரிச்சுக்கிட்டே தாண்டிட்டேன். அடுத்த பந்தல்லயும் அதே கூத்துதான். அம்பது கிலோமீட்டர் ஓட வந்தவ வெக்கப்பட்டுக்கிட்டுப் பட்டினியா ஓடுறாளேன்னு என்கூட ஓட வந்த நெட்டையக்காவுக்குத் தெரிஞ்சா நறுக்குனு மண்டையில குட்டும்.

இதோ, குடிக்கிறேன். அப்படியே பாத்துக்கிட்டிருந்தீங்கன்னா... இல்ல, பரவால்ல, பாருங்க. உப்புக் கரிக்குது. குடிக்கிறேங்கா, முழுசாக் குடிக்கிறேன்.

ஏங்கா, வெளிய நிக்குதே ஒரு வண்டி, ஓட முடியாதவங்களை ஏத்திக்கிட்டுப் போறது. அது எந்தப் பக்கம் போகும்? முடிக்கிற எடத்துக்கா, இல்ல... கெளம்புன எடத்துக்குத்தானா. ம். காலையில மைக்குலயும் அப்படித்தான் சொன்னாங்க. அப்ப நான் ஏற மாட்டேங்கா. கோச்சுக்காதீங்க.

அங்க எங்க வீட்டுக்காரரு நிக்கிறாரு. காலையில எல்லாரும் இருக்கையிலயே சொன்னாரு, போ போ, மத்தியானம் அந்த வண்டியில பொட்டிப் பாம்பா வந்து எறங்குவ, நான் எங்கயும் போகல, இங்கயேதான் நிப்பேன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அய்யோ, அவருக்காக ரோஷப்பட்டு ஓடல. ரோஷப்படுற ஆளா நானு?

ஓட்டம் யாரும் சொல்லிக் குடுக்கல. ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்துல வேல பாக்குறேன். பெட்ஷீட்டு, துண்டு, தலகாணி உறை, நாள் பூரா அதுதான். அங்கருந்து வீட்டுக்கு நடந்தா எவ்வளவு நேரம் ஆகும்னு அவருக்குத் தெரியும். அதுக்கு மேல ஆச்சுன்னா கதவு தொறக்காது. அடிக்கிறவரெல்லாம் இல்லக்கா, அப்படிப் பாக்காதீங்க. கதவைத் தொறக்க மாட்டாரு, அவ்வளவுதான். நான் வெளிய நிப்பேன், பாப்பா உள்ள பாலுக்கு அழும். எனக்குச் சட்டையெல்லாம் ஊறிப் போயிரும். அவரு பாட்டுக்கு டிவி பாப்பாரு. அவருக்கா எப்பத் தோணுதோ அப்பத் தொறப்பாரு. கடைசி நேரத்துல ஒரு மூட்டை ஷீட்டு வந்து விழுந்துச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? ஓடுவேன். செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு ஓடுவேன். அப்படிப் பழகுன காலுதாங்கா இது.

ஒரு நாளு நெட்டையக்கா பின்னாலயே மூச்சு வாங்க வந்து, அடியே, உன்னை யாருடி தொரத்துறா, நிக்கவே மாட்டேங்கிறியேன்னுச்சு. நெட்டையக்கா என்கூட ஷீட்டு மடிக்கிறவங்க. ரெண்டு பேரு வேணும்ல அதுக்கு. ஆளுக்கு ரெண்டு மூலையைப் புடிச்சு இழுத்து நின்னு, அப்புறம் கிட்ட வந்து மூலையோட மூலை சேப்போம். எங்க சூப்பர்வைசரு எங்க வீட்டுக்காரரோட சொந்த அண்ணன். அவரு காதுல விழுந்தா வீட்டுக்கு வந்துரும். அதனால கிட்ட வர்றப்ப ஒரு வார்த்தை, மறுபடி கிட்ட வர்றப்ப மறு வார்த்தை. ஒரு பேச்சு முடியறதுக்குள்ள ஒரு கட்டு ஷீட்டு மடிஞ்சிரும். ரொம்ப நல்லா வேல பாக்குறாங்கன்னு அந்த அண்ணனே எங்களை மெச்சுவாரு, பாத்துக்கங்க.

இந்த ஓட்டமும் அவரு ஏற்பாடுதான். ஹோட்டல் பேரைப் போட்டு பனியன் குடுத்து, சலவைக்கூடத்துலருந்து மூணு பேரு ஓடணும்னாங்க. நெட்டையக்கா, வாயாடி, நானு. அண்ணன் சொன்னா எங்க வீட்டுக்காரரு தட்ட மாட்டாரு. என்னை நிறுத்தி வெச்சு போட்டோல்லாம் எடுத்தாரு. கிழிஞ்சதெல்லாம் தைக்கிற தையலக்கா இருக்கு, அதுக்கு முட்டி வலி, ஓடாது. அது வந்து, பாப்பாவை முடிக்கிற எடத்துக்குத் தூக்கிட்டுப் போறேன், அம்மா வர்றப்ப கை தட்டட்டும்னு கேட்டுச்சு. அண்ணன் பக்கத்துல நின்னாரு. இவரும் சரின்னுட்டாரு.

எங்க விட்டேன்? ஆங், பையைப் பத்திச் சொல்லவே இல்லையே. மாத்துத் துணிக்கு ஆளுக்கொரு பை குடுத்தோமா, அதை லாரியில முன்னாடியே அனுப்பிடுறாங்க. என் பையைத் தூக்குனவரு, என்னம்மா கல்லு கில்லு வெச்சிருக்கியான்னாரு. வாயாடி சும்மா இருக்குமா? அவ அங்கயே குடித்தனம் வெக்கப் போறாண்ணேன்னுச்சு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நெட்டையக்கா மட்டும் சிரிக்கல.

ரெண்டு பேரும் முன்னாடி போயிட்டாங்கக்கா. நான்தான் போகச் சொன்னேன். அந்தக் கடக்கரை மணல்ல கால் பொதையப் பொதைய என்னை இழுத்துக்கிட்டே வந்துச்சு நெட்டையக்கா. ஒருத்தராவது போய்ப் பாப்பாகிட்ட நில்லுங்கன்னேன். திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போச்சு. நல்லாத்தான் இருந்துச்சுக்கா, ஒண்ணு சொல்லட்டுமா. இந்தப் பக்கம் பூரா கடலு. ஒரு கதவு கெடையாது.

போன் எதுக்குக்கா எடுக்குறீங்க?

வேணாம்க்கா. அட்டைக்குப் பின்னால எழுதியிருக்குறது அவரு நம்பரு. அவசரத்துக்குக் கூப்பிட ஒருத்தரு வேணும்னாங்க, வேற யாரைப் போடுறது? அண்ணன்தான் எழுதுனாரு. போடாதீங்க. உங்களுக்குச் சட்டம் இருக்கும், புரியுது. கொஞ்சம் கீழ வைங்க, கால்ல வேணா விழுறேன்... சரி, சரி, உக்காந்துட்டேன். எந்திரிக்கல.

பஸ்ஸுல போகலாம்தான். ஓட்டத்துக்காக ரோட்டையே அடைச்சு வெச்சிருக்காங்களே. காலுதான் இருக்கு.

என்னத்தைச் சொல்றது? பாப்பா முன்னெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் கத்திக் கத்தி அழும்னேன்ல? இப்ப அழறதில்லக்கா. போன மாசம் ஒரு நாளு லேட்டாயிருச்சு. வந்து நிக்கிறேன், உள்ள சத்தமே இல்ல. பயந்து போயி கீழ குனிஞ்சு சந்து வழியா பாத்தா, ரெண்டு குட்டிக் காலு. கதவோட ஒட்டி நிக்குது. மூச்சு விடுறது கேக்குது. சத்தம் போடாம நின்னா அப்பா சீக்கிரம் தொறப்பாருன்னு அதுவே கண்டுபுடிச்சிருக்கு. நடக்கப் பழகி எத்தனை நாளு ஆச்சு அதுக்கு? மறுநாள்தான் ஷீட்டு மடிக்கையில நெட்டையக்காகிட்ட மொத வார்த்தையைச் சொன்னேன்.

அந்தப் பையில என் துணி ஒண்ணுமில்லக்கா. எல்லாம் பாப்பாவோடது. மழைக்கோட்டு வரைக்கும் திணிச்சுட்டேன்.

அதோ தெரியுதே கலங்கரை விளக்கு, அதுக்கு அந்தப் பக்கம்தானே முடிக்கிற எடம்? படகுத்துறையும் அங்கயேதான். சாயங்காலம் ஒரு படகு இருக்கு. அக்கரையில எங்கூடப் பொறந்த அக்கா நிப்பா. மெடலு வாங்க நேரம் இருக்குமான்னு தெரியல. வாயாடிய வாங்கி வெக்கச் சொல்லணும்.

அந்தப் பிஸ்கட்டையும் குடுங்க, சாப்பிடுறேன். நீங்க பாத்தாலும் பரவால்ல.

என்னக்கா... கிட்ட வர்றீங்க? ஓ. அட்டை நேராத்தான் இருக்கு, அப்படியே குத்துங்க. மெதுவா, ஊக்கு விரல்ல ஏறிடப் போகுது.