கிழக்குச் சரிவு கெட்டியாக இருக்கிறது

பனியை அளப்பது பெரிய வித்தையில்லை, ஐயா. காலையில் சீக்கிரம் எழத் தெரிந்தால் போதும். சுவிஸ் மலைகளுக்கு நடுவே எங்கள் எங்காடின் பள்ளத்தாக்கில் இருபத்திரண்டு குளிர்காலமாக அதைத்தான் செய்கிறேன். பள்ளம் தோண்டுவேன், அடுக்குகளைத் தொட்டுப் பார்ப்பேன், எந்தச் சரிவு சரியும் என்று சொல்வேன். ஊர் கேட்டுக்கொள்ளும், பிறகு சறுக்குக் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே போகும்.

மலைவழிகாட்டி கோர்சின் அவர்களில் முதல்வன். விடுதியில் எல்லோர் முன்பும் கேட்பான்: "என்ன யாஹென் மாமா, இன்னிக்கும் வீட்டுக்குள்ளயேதானா? கக்கூஸ் வரைக்குமாவது போகலாமா?"

சிரிப்பார்கள். பார்லி சூப்பை ஊதிக் குடித்தபடி நானும் சிரிப்பேன். முட்டாள்களிடம் கோபித்துக்கொள்வது என் பழக்கமில்லை.

பிப்ரவரியில் ஒரு பனிப்புயல் நெருங்கியது. அது வருமுன்பே மேற்குக் காற்று, கிடந்த பனியையெல்லாம் வாரிக் கிழக்குச் சரிவில் குவித்தது. அங்கே தோண்டினேன். ஒரு முழ ஆழத்தில், ஜனவரிக் குளிரில் சீனியாய் உதிர்ந்துபோன அடுக்கு. மண்வெட்டி பட்டதுமே மேலிருந்த பாளம் வழுக்கிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை கோர்சின் என் கதவைத் தட்டினான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். பின்னால் வேனில் நாலு வெளியூர்க்காரர்கள்.

"மாமா, மத்தியானம் புயல் வந்துருமாம். அதுக்குள்ள ஒரு தடவை மேல போயிட்டு வரணும்னு இவங்களுக்கு ஆசை. எனக்கு என்னவோ சரியாப் படல. உங்களைக் கேக்காம போகக்கூடாதுன்னு என் பொண்டாட்டி செரைனாவும் சொல்லிட்டா. கிழக்குச் சரிவு எப்படி இருக்கு? நீங்க வேணாம்னா திரும்பிடறேன்."

இத்தனை வருடத்தில் என்னை மதித்துக் கேட்ட முதல் ஆள். வேண்டாம் என்றால் என்ன ஆகும்? சரிவு ஆளில்லாமல் சரியும். சாயங்காலம் விடுதியில் மறுபடி சிரிப்பான். ஆள் சாகாத எச்சரிக்கையை எவனும் நம்புவதில்லை.

"நேத்துதான் தோண்டிப் பாத்தேன். கெட்டியா இருக்கு. போயிட்டு வா," என்றேன்.

"இப்பதான் மாமா நிம்மதி." என் கையைக் குலுக்கினான்.

பத்தரைக்குப் பனி சரியும் சத்தம் கேட்டது. மீட்கப் போனவர்களில் முதல் ஆள் நான். பனிக்குள் எங்கே கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்குத்தானே தெரியும். ஐந்து பேரையும் எடுத்தோம். ஒருவருக்கும் மூச்சில்லை.

இப்போது ஊர் என் பேச்சைக் கேட்கிறது. போன வாரம் பாதையை மூடச் சொன்னேன். வாயைத் திறக்காமல் மூடினார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடக்கத்தன்று செரைனா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க வேணாம்னுதான் சொல்லியிருப்பீங்க மாமா. அவருதான் கேட்டிருக்க மாட்டாரு."

"பரவாயில்லம்மா," என்றேன். "அவனை நான் மன்னிச்சுட்டேன்."