மூன்றாம் பம்பின் பதினோரு நிமிடங்கள்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, அதிகாலை 2.10 மணி. மலேசியாவின் பாசிர் கூடாங்கில் ஓர் இரசாயனத் தொழிற்சாலை. அதன் பின்சாலையில் ஆளில்லை. சாலை முடியும் இடத்திலிருந்த கணினி அறையில் யுகேந்திரன் தனியாக இருந்தார். என் தோழி புஷ்பவள்ளியின் மருமகன். அவள் சொன்னதை வரிசை மாறாமல் சொல்கிறேன். இடையில் யாரும் பேசக் கூடாது.

இரண்டாண்டுகளுக்கு முன் அங்கே மூன்றாம் பம்பு வெடித்தது. குணாளன் என்ற தொழிலாளி இறந்தார். வெடிப்புக்கு முந்தைய பதினோரு நிமிட அதிர்வு மட்டும் கணினியில் பதிவாகியிருந்தது. அதே அதிர்வு மறுபடி வருகிறதா என்று, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல் தொகுப்பான ஒரு திறமூல நிரலகத்தைக் கொண்டு யுகேந்திரன் நாள்தோறும் பதிவுகளைத் தேடுவார். ஒருமுறையும் வந்ததில்லை.

திங்கள் மாலை நிரலகத்தின் புதிய பதிப்பை ஏற்றினார். ஒரு விடை வந்தது. திங்கள் அதிகாலை 2.40, மூன்றாம் பம்பு. வெடிப்புக்கு முந்தைய அதிர்வோடு வேறுபாடு, பூஜ்ஜியம்.

எந்த இரண்டு அதிர்வும் கடைசி இலக்கம்வரை ஒத்திருப்பதில்லை. ஒத்திருந்தால் அது வேறோர் அதிர்வன்று... அதுவேதான்.

அன்றிரவே மேலாளர் மகேஸ்வரனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"பாஸ், காலையில மூணாம் பம்பை ஓட விட வேணாம்."

"அலமாக்! மோட்டாரையே கழட்டி ஒர்க்‌ஷாப்ல வச்சிருக்கு. எது அதிரும்? புது வெர்ஷன் கோளாறு லா. பழைய வெர்ஷனும் அதையே சொன்னா நிறுத்துறேன். இல்லன்னா ஆறு மணிக்குத் தீபன் மோட்டாரை மாட்டுவான்."

தீபன், யுகேந்திரனின் மனைவிக்குத் தம்பி.

அதிகாலை 2.10-க்குத் தேடத் தொடங்கினார். இரு பதிப்புகளுக்கும் இடையே அறுபத்து நான்கு மாற்றங்கள். பாதியாக வெட்டி வெட்டித் தேடினால் ஆறே சோதனைகளில் பிழை பிடிபடும். முதல் சோதனை... பூஜ்ஜியம். இரண்டாவது... பூஜ்ஜியம். பிழையாக இருந்துவிடாதா என்று அவர் வாய்விட்டே வேண்டினார். ஆறாவது சோதனை முதல் மாற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அதில் நிரலே இல்லை. விளக்கக் குறிப்பில் ஒரு வாக்கியத்தைத் திருத்தியிருந்தார்கள்.

அப்போதுதான் தம் தவறு புரிந்தது. பழைய பதிப்பு சரியென்று குறித்துக்கொண்டாரே தவிர, அதை மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை.

ஐந்தரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது.

"அத்தான், பஸ் கேட்டுக்கு வந்திருச்சு. நாசி லெமாக் ரெண்டு பொட்டலம் வாங்கிட்டேன். தூங்கி வழியாம இருங்க!"

"தீபா, பம்புகிட்ட போகாதே. நான் சொல்ற வரைக்கும் கேட்லயே நில்லு!"

பழைய பதிப்பை ஓட்டினார். விடை இரண்டு வரிகள். திங்கள் 2.40, பூஜ்ஜியம். செவ்வாய் 2.40, பூஜ்ஜியம்.

அறைக்குள் கருகிய ரப்பர் வாடை அடித்தது. அவர் பம்பு மேடைக்கு ஓடினார். மோட்டார் இல்லாத வெற்று இரும்புத் தகடு. கையை வைத்தார்... சுட்டது.

முடிவுகள் இவை. அன்று மோட்டார் மாட்டப்படவில்லை. மேடை இடிக்கப்பட்டது. அதிர்வை அளக்கும் கருவி கழற்றப்பட்டு, அதன் கம்பி வெட்டப்பட்டது. நிரலகத்தை உருவாக்கியவர்களுக்கு யுகேந்திரன் அனுப்பிய புகாருக்கு, நிரலகத்தில் பிழையில்லை, சரியாகவே தேடியிருக்கிறது என்று பதில் வந்தது. கம்பி வெட்டிய மறுநாள், பதிவில் பதினோரு நிமிடங்கள் புதிதாகச் சேர்ந்திருந்தன. அந்தக் கோப்பை இனி யாரும் திறப்பதில்லை என்று முடிவாயிற்று.